ஊரில் ஹோமில் இருக்கும் பெரியவர்களைப் பற்றி வெளிநாட்டிலிருந்து தகவல் பெறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெரியம்மா கடைசி நான்கு வருடம் ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறும். அவருக்குப் பிள்ளை இல்லை, வளர்த்தது என்னை. நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். முதல் எட்டு மாதம் அந்த ஹோமிலிருந்து உருப்படியாக ஒரு பதில் வாங்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதற்குப் பிறகு அதே ஹோம், அதே ஆட்கள், அதே கட்டணம். ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தகவல் வந்துவிடும். நடுவில் மாறியது நான் கேட்ட நேரம், கேட்ட ஆள், கேட்ட கேள்வி.

கீழக்கரை, பெரியபட்டினம், உச்சிப்புளி, தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களில் வெளியே போய்ப் பிழைப்பவர்கள் இல்லாத தெரு கிடையாது. அவர்களில் பலர் என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நாலு தடவை அடித்தால் ஒரு தடவைதான் போனை எடுக்கிறார்கள். வேண்டுமென்றே செய்கிறார்களா?

பெரும்பாலும் கிடையாது. லீவில் வந்தபோது ஒரு நாள் முழுக்க ஹோமில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் எனக்கே இது புரிந்தது. காலை ஐந்து மணிக்கு டயப்பர் மாற்றுவதில் ஆரம்பிக்கிறார்கள். குளிப்பாட்டி, துணி மாற்றி, எட்டரைக்கு இட்லி ஊட்டி, மாத்திரை கொடுத்து முடிக்கப் பத்து மணி ஆகிவிடுகிறது. அங்கே முப்பது பெரியவர்கள். பகலில் நான்கு ஆயா, ஒரு சிஸ்டர். போன் இருப்பது வாசல் ஆபீசில். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் பின்கட்டில். மணி அடித்தால் அங்கே கேட்காது. கேட்டாலும், ஒருவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் கையை விட்டுவிட்டு ஓடிவர முடியாது. ஆபீசில் எடுப்பவருக்கோ உங்கள் அம்மா இன்று சாப்பிட்டாரா இல்லையா என்பது தெரியாது. "நல்லா இருக்காங்க சார்" என்பதுதான் அவரால் சொல்ல முடிந்தது.

நான் அடித்துக்கொண்டிருந்தது சிங்கப்பூரில் காலை டீ நேரம், பத்தரை மணிக்கு. அங்கே எட்டு மணி. அதைவிட மோசமான நேரத்தை நான் தேடியும் கண்டுபிடித்திருக்க முடியாது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் கண்ணயரும் இரண்டரையிலிருந்து நான்கு மணிதான் ஹோமில் இருப்பவர்களுக்கு மூச்சு விடும் நேரம். ஊரில் மூன்று மணி என்றால் துபாய், மஸ்கட்டில் ஒன்றரை. சவுதி, கத்தார், குவைத்தில் பன்னிரண்டரை. சிங்கப்பூர், மலேசியாவில் ஐந்தரை. அந்த நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். எனக்குப் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது.

எப்போது கேட்டாலும் "நல்லா இருக்காங்க" என்ற ஒரே பதில்தான். இதற்கு மேல் எப்படி வாங்குவது?

"எப்படி இருக்காங்க?" என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? நம் ஊரில் அது நலம் விசாரிப்பு. யார் கேட்டாலும் நல்லா இருக்கோம் என்பதுதான் முறையான பதில். கண்ணால் பார்த்தவர் மட்டும் சொல்லக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். காலையில் எத்தனை இட்லி சாப்பிட்டார்? நாற்காலியில் உட்கார வைத்தீர்களா, படுத்தே இருந்தாரா? கடைசியாக வெளிக்குப் போனது எப்போது? ராத்திரி தூங்கினாரா, கத்திக்கொண்டிருந்தாரா? ஒரு போனுக்கு மூன்று கேள்வி போதும். பத்துக் கேள்வி கேட்டால் அடுத்த தடவை உங்கள் நம்பரைப் பார்த்ததும் தயங்குவார்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் அந்த மூன்றில் ஒன்று எப்போதும் தோலைப் பற்றி இருக்கட்டும். அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். தவறினால் இடுப்புக்குக் கீழே, குதிகாலில், இடுப்பெலும்புப் பக்கம் புண் வரும். நம் நிறத்துக்குச் சிவந்து தெரியாது. அந்த இடம் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அதனால் "செவந்திருக்கா" என்று கேட்காமல் "தொட்டுப் பாத்தீங்களா அக்கா, சூடா இருக்கா" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் அவர்கள் போய்த் தொட்டுப் பார்ப்பார்கள். தகவலும் கிடைக்கும், கவனிப்பும் கிடைக்கும்.

இதில் எனக்கு நம்பிக்கை வந்தது ஒரு வியாழக்கிழமை வந்த வாய்ஸ் மெசேஜில். இருபது விநாடிகூட இருக்காது. பின்னால் மின்விசிறிச் சத்தம், யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம். "தம்பி, அம்மா இன்னிக்கு ரெண்டு இட்லிதான் சாப்பிட்டாங்க. எப்பவும் மூணு சாப்பிடுவாங்கள்ல. தண்ணி குடிக்கையில பொறை ஏறுது. சிஸ்டர்ட்ட சொல்லிட்டேன்." பக்கவாதம் வந்தவருக்கு அடிக்கடி புரையேறினால் விழுங்குவதில் கோளாறு என்று அர்த்தம். குடிப்பது நுரையீரலுக்குள் போய்ச் சளிக் காய்ச்சலில் கொண்டுவிடும். சிஸ்டர் அன்றைக்கே தண்ணீரை நிறுத்தி, நிமிர்த்தி உட்கார வைத்து, கெட்டியாகக் கஞ்சி கொடுத்து, மறுநாள் டாக்டரிடம் காட்டினார். எத்தனை இட்லி என்று ஒரு மாதமாக நான் கேட்டுக்கொண்டே இருந்ததால் அந்த அக்கா எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று இரண்டானது அவர் கண்ணில் பட்டது.

ஓனரிடம் பேசுவதா, மேனேஜரிடமா, சிஸ்டரிடமா?

பணம், அறை, ஒப்பந்தம் எல்லாம் மேனேஜரிடம். மாத்திரை, சுகர், பிரஷர் சிஸ்டரிடம். அன்றாடம் ஆயாவிடம். ஆனால் முதல் நாளே ஆயாவின் நம்பரை நேராக வாங்கிவிடாதீர்கள். மேனேஜருக்குத் தெரியாமல் பேசினால் அந்த அம்மாவின் வேலைக்கே உலை வைத்ததாக ஆகும். "சார், அன்றாடம் தகவல் சொல்ல ஒருத்தரை நீங்களே சொல்லிவிடுங்கள், உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்" என்று மேனேஜரிடமே கேளுங்கள். அவர் பேர் சொன்னால் அது அந்த ஆயாவின் வேலையில் சேர்ந்துவிடும். தகவல் சொல்வது யார் பொறுப்பிலும் இல்லாமல் இருந்ததுதான் அதுவரை உங்களுக்குப் பதில் வராததற்குக் காரணம்.

நைட் டூட்டிக்கு யார் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி சிஸ்டர் இருக்கிறாரா, ஆயா மட்டும்தானா என்பதும் அப்போதுதான் தெரியவரும். இந்த வேலையில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். உங்கள் அக்கா வேலையை விட்டுப் போனால், அடுத்த ஆள் யார் என்று அந்த வாரமே கேட்டுவிட வேண்டும்.

சேர்க்கும்போதே இதையெல்லாம் பேசி வைக்கலாமா?

கட்டாயம். அட்வான்ஸ் கட்டும் நாளில் அவர்களுக்குக் கேட்கும் பொறுமை இருக்கும். ஏற்கனவே சேர்த்துவிட்டவர்களும் எழுதலாம், தாமதம் என்று எதுவும் இல்லை. நான் கொடுத்த கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"ஐயா, வணக்கம். தங்கள் இல்லத்தில் இருக்கும் என் பெரியம்மாவின் நலம் பற்றி வாரம் ஒருமுறை, புதன்கிழமை பகல் 3 மணி அளவில், நான் போனில் கேட்டுக்கொள்கிறேன். அவர் விழுந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிட மறுத்தாலோ, புதிதாக மாத்திரை தொடங்கினாலோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலோ அன்றைக்கே எனக்கும், உள்ளூரில் இருக்கும் என் நண்பருக்கும் சொல்ல வேண்டுகிறேன். இரவு எந்நேரமானாலும் கூப்பிடலாம். அவசரச் சிகிச்சைக்கு என் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். கொண்டுபோய்விட்டுச் சொன்னால் போதும்."

இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் மேனேஜரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டேன். இன்னொன்றைப் பெரியம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன், போன் நம்பர்களைப் பெரிய எழுத்தில் எழுதி. யார் டூட்டிக்கு வந்தாலும் கண்ணில் படும். அந்தக் கடைசி வரி முக்கியம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் திட்டுவாரோ என்ற பயத்திலேயே சில ஹோம்களில் நேரத்தைக் கடத்துகிறார்கள்.

சேர்க்குமுன் சமூக நலத் துறையில் பதிவு செய்த சான்று இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள். தயங்காமல் எடுத்துக் காட்டும் இடம், பின்னால் மற்ற விஷயங்களையும் தயங்காமல் சொல்லும்.

ஆயாவுக்குத் தனியாகப் பணம் அனுப்பலாமா?

ரகசியமாக அனுப்பாதீர்கள். உங்கள் அம்மாவுக்கு ஒரு கவனிப்பு, பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு கவனிப்பு என்று ஆகிவிடும். நின்றுபோனால் அதுவே மனத்தாங்கலாகும். உங்களுக்குத் தகவல் சொல்லும் போனுக்கு ரீசார்ஜ் செய்வதை மேனேஜரிடம் சொல்லிவிட்டே செய்யலாம். பொங்கலுக்கோ ரம்ஜானுக்கோ எல்லா ஆயாக்களுக்கும் ஒரே மாதிரிச் சேலை எடுத்துக் கொடுங்கள். சமையல்கார அம்மாவை விட்டுவிடாதீர்கள்.

நாங்கள் ஐந்து பிள்ளைகள். ஐந்து பேரும் ஐந்து ஊரிலிருந்து போன் செய்கிறோம். அதனால்தான் எரிச்சல் படுகிறார்களா?

எரிச்சல் படத்தான் செய்வார்கள். ஒரே பதிலை ஐந்து தடவை சொல்ல வேண்டும். அதிலும் அண்ணன் வேண்டாம் என்ற ஊசியைத் தம்பி போடச் சொல்வார். ஒருவரை முன்னால் நிறுத்துங்கள். மூத்தவராக இருக்க வேண்டும் என்று இல்லை. பொறுமையாகப் பேசுகிறவராகவும் போனைக் கையில் வைத்திருப்பவராகவும் இருந்தால் போதும். அவர் கேட்டதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடட்டும். மற்றவர்கள் அம்மாவிடம் பேசுவதற்கு மட்டும் கூப்பிடட்டும்.

பண விஷயத்தில் உங்களுக்குள் தகராறு இருந்தால் அதை ஹோம் ஆட்கள் காதுக்குக் கொண்டுபோகாதீர்கள். கட்டணம் வருமா வராதா என்ற சந்தேகம் வந்த இடத்தில் பேச்சும் குறைந்துவிடுகிறது.

துபாயிலிருந்து வீடியோ கால் போகவே மாட்டேன் என்கிறது.

அங்கே வாட்ஸ்அப்பில் குரல், வீடியோ அழைப்புக்குத் தடை இருக்கிறது. செய்தி, படம், வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போகும். ஹோமில் இருப்பவரைப் புது ஆப் போடச் சொல்லிப் படுத்துவதைவிட, வாரம் இரண்டு வாய்ஸ் மெசேஜும் அரை நிமிட வீடியோவும் கேளுங்கள். உங்கள் குரலையும் அப்படியே அனுப்பி அம்மாவின் காதருகே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வார்.

அம்மாவுக்கு மறதி நோய். போனில் பேசினால் "சோறு போடல, அடிக்கிறாங்க" என்று அழுகிறார். ஹோமில் கேட்டால் "அவங்க அப்படித்தான் சொல்வாங்க" என்கிறார்கள். யாரை நம்புவது?

இதைக் கேட்டவர் பஹ்ரைனில் இருக்கும் ஒரு தங்கச்சி. அன்று முழுக்கத் தூங்கவில்லை என்றார். நானும் தூங்கியிருக்க மாட்டேன்.

இரண்டு பேரையுமே முழுசாக நம்பிவிடாதீர்கள், முழுசாகத் தள்ளியும் விடாதீர்கள். மறதி நோய் உள்ளவர் சாப்பிட்டதை அரை மணியில் மறந்துவிடுவார். அது நோயின் இயல்பு. அழுக்குத் துணியைக் கழற்றும்போது பிடித்த பிடிகூட அவருக்கு அடியாகத் தெரியலாம். ஆனால் மறதி இருப்பவரை அடிக்கவே மாட்டார்கள் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது தெரிந்தே கை ஓங்குகிறவர்களும் உண்டு.

அதனால் வார்த்தையை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். வாரா வாரம் எடை குறைகிறதா? மேல் கையில், தோளில், தொடையின் உள்பக்கம் விரல் பதிந்த மாதிரிக் கன்றிப் போயிருக்கிறதா? குறிப்பிட்ட ஒரு ஆயா வரும்போது மட்டும் ஒடுங்கிக்கொள்கிறாரா? ஒரே ஆளின் பெயரை, ஒரே இடத்தை, ஒரே மாதிரித் திரும்பத் திரும்பச் சொல்கிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆள் அனுப்ப வேண்டும்.

இன்னொன்று. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால், அதை வயதின் மேல் போட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றுதல், சுகர் இறங்குதல், புது மாத்திரை, இவற்றில் ஏதாவது காரணமாக இருக்கலாம். நம் கடற்கரை வெயிலில் மே மாதம் நீர் வற்றுவது சர்வ சாதாரணம். "இன்னிக்கு சுகர் பாத்தீங்களா? ஒண்ணுக்கு மஞ்சளா போகுதா?" என்று உடனே கேளுங்கள். டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஊரில் யாரை அனுப்பிப் பார்க்கச் சொல்வது? அவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

எத்தனை போன் போட்டாலும் ஒரு ஜோடிக் கண்ணுக்கு ஈடாகாது. எனக்கு உச்சிப்புளியில் இருக்கும் பள்ளிக்கூட நண்பன் கிடைத்தான். மாதம் இரண்டு தடவை போவான். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றில்லை. ஜமாத்தில் ஒருவர், சர்ச்சில் ஒருவர், ஓய்வு பெற்ற வாத்தியார், பக்கத்து வீட்டு மதினி, யாராக இருந்தாலும் சரி. ராமேஸ்வரம் பஸ் போகும் ரோட்டில் இருக்கும் ஹோம் என்றால் வேறு வேலையாகப் போகிறவர்கூட இறங்கி ஏற முடியும். உட்காட்டில் இருக்கும் ஹோமைவிட ரோட்டோர ஹோமைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

சொல்லாமல் போகச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், மத்தியானம் பன்னிரண்டரை அளவில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருமுறை, ஏனென்றால் அப்போதுதான் ஆள் குறைவாக இருக்கும். பார்வையாளர் நேரம் என்று தடுத்தால் முதல் தடவை மரியாதையாகக் காத்திருக்கலாம். ஒவ்வொரு தடவையும் தடுத்தால் அதுவே ஒரு தகவல்.

போனதும் மூக்கை நம்பச் சொல்லுங்கள். முப்பது பேர் இருக்கும் இடத்தில் கொஞ்சம் வாடை இருக்கும், அது தப்பில்லை. கட்டிலிலேயே பழைய மூத்திர வாடை ஏறியிருந்தால் தப்பு. தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வலது கை விழுந்த என் பெரியம்மாவுக்கு டம்ளரை வலது பக்கம் வைத்திருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, மேசை அந்தப் பக்கம் இருந்தது. என் நண்பன் மேசையை இடது பக்கம் தள்ளிப் போட்டான். அதற்கு முன் எத்தனை நாள் தாகத்தோடு படுத்திருந்தாரோ என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. இந்த விஷயம் எந்தப் போனிலும் எனக்குத் தெரிந்திருக்காது.

நகம் வெட்டியிருக்கிறதா, குதிகால் எப்படி இருக்கிறது, வாயும் நாக்கும் காய்ந்திருக்கிறதா, மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் மாட்டியிருக்கிறதா, மாத்திரை அட்டையில் மீதம் இருப்பது தேதிக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆயாவிடம் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசிவிட்டு வந்தால் போதும். போலீஸ் மாதிரி விசாரிக்க வேண்டாம்.

ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

அந்த ராத்திரியில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். முன்னாலேயே செய்து வைக்க வேண்டியதுதான் அதிகம். ஒரு பிளாஸ்டிக் பைலில் ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், ஒத்துக்கொள்ளாத மருந்து, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, உங்கள் நம்பர், நண்பரின் நம்பர் எல்லாம் இருக்கட்டும். 108 வந்ததும் ஆயா அந்தப் பைலை எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். எங்கே கொண்டுபோவது என்பதையும் பேசி வையுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியா, தனியாரா, மதுரைக்கு அனுப்பச் சொன்னால் கூடப் போவது யார்?

வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இதை ஹோமில் எல்லோருக்கும் தெரியும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை சொல்லிவையுங்கள்.

ஆஸ்பத்திரியில் சிகிச்சைக் குறிப்புகளை நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர்கள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை. எழுத்தில் கேட்டு வாங்கி, போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

நான் சொந்தப் பிள்ளை இல்லை. அதனால் விவரம் சொல்ல மறுக்கிறார்கள்.

எனக்கும் நடந்தது. "நீங்க யாரு சார், மகனா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். பெரியவருக்கு நினைவும் தெளிவும் இருக்கும்போதே, "என் உடல்நிலை பற்றிய எல்லா விவரங்களையும் இன்னாரிடம் சொல்லலாம்" என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, இரண்டு சாட்சி வைத்து, நகலை ஹோமில் கொடுங்கள். அசலை உள்ளூர் நண்பரிடம் வையுங்கள்.

புயல் மழை நேரத்தில் தொடர்பே அறுந்துபோகிறது.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் இதற்குத் தயாராகத்தான் இருக்க வேண்டும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்ததுமே ஹோமுக்குப் போன் செய்யுங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா, மாத்திரை ஒரு வாரத்துக்கு இருக்கிறதா, இன்சுலின் வைக்க ஐஸ் பெட்டி இருக்கிறதா, குடிதண்ணீர் நிரப்பியாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போன பிறகு டவரும் போய்விடும், அப்போது கேட்கப் பயனில்லை. ஹோமில் இருப்பவர்களின் போன் எல்லாம் ஒரே கம்பெனி சிம் என்றால், வேறு கம்பெனி சிம் வைத்திருக்கும் ஒருவரின் நம்பரையும் வாங்கி வையுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இப்படிப்பட்ட சின்ன எண்கள் வெளிநாட்டிலிருந்து கிடைக்காது. நண்பரைத்தான் கூப்பிடச் சொல்ல வேண்டும்.

இலவசமாக வைத்துப் பார்க்கிறார்கள். கேள்வி கேட்டால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் கேளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் பாதிக்கப்பட்டவர்களை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் உயிரோடு எரிந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. நம் கடற்கரையில் நடந்தது அது. இலவசமோ கட்டணமோ, உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க நமக்கு அனுமதி இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

கேட்கும் விதத்தில் நன்றி இருக்கட்டும். இலவச இல்லத்தில் ஆட்கள் இன்னும் குறைவாக இருப்பார்கள். வாரம் ஒரு மூன்று நிமிடம் கேளுங்கள்.

வாரக்கணக்காகப் பதிலே இல்லை. யாரிடம் புகார் செய்வது?

முதலில் அன்றைக்கே ஒருவரை நேரில் அனுப்புங்கள். உயிருக்கு ஆபத்து, அடி, பூட்டி வைத்தல் என்று தெரிந்தால் வேறு எதற்கும் காத்திருக்காமல் 112 அல்லது 100.

அந்த அளவுக்கு இல்லையென்றால் மேனேஜருக்கும் ஓனருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் ஸ்பீட் போஸ்டிலும். எந்தெந்தத் தேதியில் கூப்பிட்டீர்கள், யார் எடுத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். ஒரு நோட்டில் ஆரம்பத்திலிருந்தே குறித்து வந்தால் இங்கே கைகொடுக்கும். ஏழு நாள் அவகாசம் கொடுங்கள். முக்கால்வாசி விஷயம் இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் ராமநாதபுரம் கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட சமூக நல அலுவலர்தான் சரியான இடம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் உங்கள் நண்பர் மனு கொடுக்கலாம். முதல்வருக்குப் புகார் சொல்லும் உதவி எண் 1100. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை.

2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் பலர் இதற்குச் சொல்கிறார்கள். அந்தச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் போவது, பிள்ளைகள் பராமரிப்புத் தொகை தராதபோது. பிள்ளை இல்லாதவர் என்றால், அவர் சொத்துக்கு வாரிசாக வரும் உறவினர் மீதும் போகலாம். ஹோம் மீதான புகாருக்கு அது வழியில்லை.

கட்டணம் வாங்கும் ஹோம், சொன்ன சேவையைச் செய்யவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர்கள் இதற்காக ராமநாதபுரத்துக்கு அலைய வேண்டாம். இலவச இல்லத்துக்கு இது பொருந்தாது.

புகார் கொடுக்கும் முன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். புகார் போன மறுநாளும் உங்கள் அம்மா அதே கட்டிலில்தான் படுத்திருப்பார். வேறு இடம் பார்த்து வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது.

ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம் என்று சொன்னால், சும்மா சும்மா கூப்பிட மாட்டார்களா?

நான்கு வருடத்தில் ராத்திரியில் எனக்கு வந்தது மூன்று போன். ஒன்று, கட்டிலிலிருந்து விழுந்தபோது. இன்னொன்று, காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது. வெளிநாட்டுக்குப் பேச அவர்களிடம் காசு இருக்காது. அதனால் மிஸ்டு கால் கொடுங்கள், நான் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

மூன்றாவது மிஸ்டு கால் சிங்கப்பூரில் விடியற்காலை நாலே முக்காலுக்கு வந்தது. ஊரில் இரண்டேகால். இட்லி எண்ணிய அதே அக்காதான் அன்று நைட் டூட்டி. "தம்பி, மூச்சு ஒரு மாதிரி வாங்குது. டாக்டருக்குச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டு இருக்காரு. நீங்க பேசுங்க, நான் காதுல வைக்கிறேன்" என்றார். நான் பேசினேன். பெரியம்மா காதில் போனைப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா இருபது நிமிடம் அசையாமல் நின்றிருக்கிறார். பின்கட்டு மின்விசிறிச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.